மஞ்சள் துணிக்குள் ஒரு குச்சி

என் நண்பனின் அக்காளுக்காக மாதாவிடம் கட்டக் கொண்டுபோன தொட்டிலை நான்தான் தொலைத்தேன். தொலைத்ததோடு நிற்கவில்லை. ஒரு காய்ந்த குச்சியை அது இருந்த மஞ்சள் துணியில் சுற்றி, முன்பு இருந்தது போலவே முடிச்சுப் போட்டு, அவன் கையிலேயே கொடுத்தேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மன்னிப்புக்காக வயதைச் சொல்லவில்லை. அந்த வயதிலேயே பொய்யை அவ்வளவு நேர்த்தியாகச் செய்யத் தெரிந்திருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டம். என் தகப்பனார் அங்கே கிராணி, தோட்டத்துக் கணக்கர். யாருக்கு நாளைக்கு வேலை உண்டு, யாருக்கு இல்லை என்பது அவர் பேனாவில் இருந்தது. என் நண்பன் வேலுவின் தகப்பனார் பால்மரம் வெட்டுபவர். நாங்கள் கிராணி வீட்டில் இருந்தோம், அவர்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும் ஒரே பெஞ்சு.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மாதா கெபி, குகை போல் கட்டிய சின்னக் கோயில், இருந்தது. லயத்து இந்துக்களுக்கும் அவள் சொந்தக்காரிதான். மாரியம்மனிடம் கேட்டுக் கிடைக்காததை அவளிடம் போய்க் கேட்பார்கள். அதை மாரியம்மன் தவறாக எடுத்துக்கொள்வதில்லை என்பது பொதுவான நம்பிக்கை. பிள்ளை தங்காதவர்கள் கையகலத்தில் ஒரு மரத்தொட்டில் செய்து, கெபியின் கம்பியில் கட்டுவார்கள். வேலுவின் அக்காளுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவது நிறைமாதம். பிறக்கப்போகிற பிள்ளைக்குத் தாய்மாமன் என்ற முறையில், தொட்டிலைக் கொண்டுபோகும் பொறுப்பு பதின்மூன்று வயது வேலுவின் தலையில் விழுந்தது.

பள்ளி விடுமுறை என்பதால் நானும், வேதக்காரப் பையன் அந்தோணியும் கூடச் சேர்ந்துகொண்டோம். மூன்று சைக்கிள்கள். எங்களுக்கு அது ஊர் சுற்றும் நாள். வேலு மட்டும் காலையிலிருந்து தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடவில்லை.

"கட்டுறவரைக்கும் தரையில வைக்காத. பிரிச்சுப் பாக்காத," என்று அவன் அம்மா லயத்து வாசலில் நின்று இரண்டு முறை சொன்னார். அக்காள் உள்ளே பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கெபியின் கதவை மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். அதுவரை புக்கிட் மெலாவத்தி மலைக்குப் போகலாம் என்றான் அந்தோணி. வழியெல்லாம் வேலுவைச் சீண்டிக்கொண்டே வந்தான்.

"என்னா தாய்மாமா, பசிக்குதா? மொட்ட போட்டு காது குத்தறப்ப ஒன் மடியிலதான் புள்ள மூத்திரம் அடிக்கும், தெரியும்லா?"

"அடிக்கட்டுமே," என்றான் வேலு. அவனுக்கு அதில் வெட்கம் இல்லை, ஆசைதான் இருந்தது.

மலைமேல் கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள். கீழே ஆறு கடலில் கலக்கும் இடம் சேறும் வெயிலுமாகத் தெரிந்தது. அன்று எங்களைத் தவிர யாரும் இல்லை. வேலுவும் அந்தோணியும் கலங்கரை விளக்கத்தின் பின்பக்கம் ஏறிப் பார்க்கப் போனார்கள்.

"பிடிடா. தரையில வைக்காத," என்று பொட்டலத்தை என்னிடம் கொடுத்தான் வேலு.

நான் அதைப் பிரித்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிரிக்கக் கூடாது என்று சொன்னது என்னைத் தொந்தரவு செய்தது. கிராணி மகனுக்கு லயத்துச் சட்டம் ஏன் என்ற எண்ணமும் இருந்திருக்கலாம். ரப்பர் பெட்டிப் பலகையில் செதுக்கிய தொட்டில் அழகாக இருந்தது. பீரங்கியின் அடியில், தரையில் வைத்து ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தேன்.

அப்போது ஒரு லோத்தோங் இறங்கி வந்தது. அந்த மலைக்குரங்குகள் சாம்பல் கறுப்பு. அவற்றின் குட்டிகள் மட்டும் மஞ்சள் கலந்த செந்நிறம். சுற்றியிருந்த பெட்டைகள் எல்லாம் மடியில் தணல் போல ஒரு குட்டியை வைத்திருந்தன. இதன் மடியில் ஒன்றும் இல்லை. அவசரமே இல்லாமல் வந்து தொட்டிலை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறியது. கிளையில் உட்கார்ந்து, அதை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் கல்லை எடுக்கவில்லை. கத்தவும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அது தொட்டிலைக் கடித்துப் பார்த்தது. பிறகு கையை விரித்தது. தொட்டில் சரிவில் புதருக்குள் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

இறங்கித் தேட எனக்குப் பயம். ஒரு குச்சியை அளவாக ஒடித்துச் சுற்றினேன். வேலு திரும்பி வந்து வாங்கிக்கொண்டான். உள்ளங்கையில் வைத்தபடி ஒரு கணம் நின்றான். "போலாம்," என்றான்.

கெபியில் காற்றே இல்லை. மெழுகுவத்திச் சுடர்கள் நட்டுவைத்தது போல் நின்றன. ஆனால் கம்பியில் தொங்கிய அத்தனை தொட்டில்களும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. வேலு கட்டிய மஞ்சள் பொட்டலம் மட்டும் ஆடவில்லை.

மூன்றாம் நாள் அக்காளுக்குப் பிள்ளை பிறந்தது. அழவில்லை. ரப்பர் மரங்களின் ஓரத்தில் புதைத்துவிட்டு வந்து, பிற்பகலில் எல்லாரும் வேலைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அக்காளுக்குப் பிள்ளையே இல்லை.

அடுத்த வாரம் ஒரு சுருட்டுப் பெட்டிப் பலகையில் நானே ஒரு தொட்டில் செய்து, யாரிடமும் சொல்லாமல் கெபிக்குப் போனேன். குச்சியை எடுத்துவிட்டு இதை வைத்தால் போதும் என்று நினைத்தேன். பொட்டலத்தை அவிழ்த்தேன். உள்ளே குச்சி இல்லை. தொட்டில் இருந்தது. வேலு கொண்டுவந்த அதே தொட்டில்தான். ஒரு கால் உடைந்து, விளிம்பெல்லாம் பல் பதிந்திருந்தது. நான் செய்ததை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

யார் கொண்டுவந்து வைத்தது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். படிப்பு, பட்டம், உத்தியோகம் எல்லாம் வந்தன. ஆனாலும் வெறும் மடியோடு அந்தக் குரங்கு கெபி வாசலில் உட்கார்ந்திருப்பதாகவே மனத்தில் ஒரு படம் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு செரண்டாவில் வேலுவைத் தேடிப் போனேன். ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து அவனும் ஓய்வில் இருந்தான். அக்காள் அவனோடுதான் இருந்தார். கூடத்தில் அவர் ஒரு நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்க, நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"கையில வாங்குனப்பவே தெரியும்டா," என்றான் வேலு. "அவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்தவன் நானு. எனக்குக் கனம் தெரியாதா? மறுநாளு தனியாப் போயி புதர்ல தேடுனேன். கால் ஒடஞ்சு கெடந்துச்சு. ஊனமான தொட்டிலக் கட்டிட்டேனே, அதான் புள்ள தங்கலன்னு நெனச்சேன். இன்னிக்கு வரைக்கும் அதே நெனப்புத்தான்."

"அன்னிக்கே ஏன்டா என்னக் கேக்கல?"

"ஒன்னக் கேட்டா? நீ கிராணி மவன். எங்கப்பாவுக்கு மறுநாளு வேல இருக்குமா?"

என்னைப் பார்த்து அவன் பயந்திருக்கிறான் என்பது அந்தப் பதின்மூன்று வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. ஒரே பெஞ்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்காள் கண்ணைத் திறந்தார்.

"நீங்க கெளம்புறதுக்கு ரெண்டு நாளு முன்னாடியே வயித்துல அசைவு நின்னுபோச்சு," என்றார். "பயத்துல யாருகிட்டயும் சொல்லல. அதான் தொட்டிலக் கொண்டுபோகச் சொல்லி அம்மாவ அவசரப்படுத்துனேன்."

வேலுவும் அதை அப்போதுதான் கேட்டான். எழுந்து வாசலுக்குப் போய் நின்றான். நானும் போனேன்.

"நீ அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானும் அக்காகிட்ட வாயத் தொறந்திருப்பேன்," என்றான். "அவளும் சொல்லியிருப்பா."

குரலில் கோபம் இல்லை. அதன் பிறகும் நான் அங்கே போய் வருகிறேன். தேநீர் கொடுப்பான், பழங்கதை பேசுவான். தொட்டில் பேச்சு வருவதில்லை. போன மாதம் போனபோது புதிதாகப் பிறந்த பேரனைத் தூக்கிவந்து காட்டினான். நான் கையை நீட்டினேன். வேலு சிரித்துக்கொண்டே பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.