தபசு மரத்தில் ஏறியவள்

திருப்புட்குழி தணிகாசலம் அர்ச்சுனன் வேஷம் கட்டுகிறான் என்றால் பாலாற்றின் இரண்டு கரை ஊர்களிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். குடும்பத்துக்குச் சோறு போட்டது கழனிதான். ஆனால் பங்குனி பிறந்து, திரௌபதையம்மன் கோயில்களில் பாரதக் கூத்து தொடங்கிவிட்டால், ஆடி முடிகிற வரைக்கும் அவன் கழனிப் பக்கம் தலைகாட்ட மாட்டான். நல்ல உயரம், கணீரென்ற குரல், மை தீட்டினால் பார்க்கிறவரைக் கட்டிப்போடுகிற கண்கள். அந்தக் கண்களை வைத்துக்கொண்டு அவன் செய்த காரியங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

ஊருக்கு ஒருத்தி என்று அவனைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. பூ வாங்கித் தருவான், இனிக்க இனிக்கப் பேசுவான். கூத்து முடிந்து வேஷப் பெட்டியைக் கட்டும்போது மனசையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான். அழுதவர்கள் உண்டு, மண்ணை வாரித் தூற்றியவர்களும் உண்டு. அவன் பெண்சாதி ஜெயம்மாள் ஆரம்பத்தில் சண்டை போட்டாள். பிறகு, சண்டை போடுவதற்கும் அவன்மேல் கொஞ்சம் ஆசை வேண்டும் என்று தெரிந்தவள்போல, அதையும் விட்டுவிட்டாள்.

கிருஷ்ணவேணியை அவன் பார்த்தது காஞ்சிபுரத்தில், அறுபத்தாறாம் வருஷம். கிரீடத்துக்கும் தோளில் கட்டுகிற புஜகீர்த்திக்கும் ஒட்டுவதற்குக் கழிவு ஜரிகை கேட்டுக்கொண்டு பிள்ளையார்பாளையத்தில் ஆதிகேசவன் என்ற நெசவாளி வீட்டுக்குப் போயிருந்தான். ஆதிகேசவனின் தங்கை அவள். கல்யாணமான மறுவருஷமே புருஷன் காமாலையில் போய்விட, அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்து, தறிக்கு நூலைத் தாரில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாதவள். தணிகாசலம் வழக்கம்போலப் பேசினான். ஜரிகை வாங்க மறுபடியும் வந்தான். தேவையில்லாதபோதும் வந்தான். அந்தக் கோடை முழுக்க அது நடந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் வழக்கம்போல வருவதை நிறுத்திக்கொண்டான்.

அவள் நிறுத்தவில்லை.

அடுத்த வருஷம் எந்த ஊரில் கூத்து நடந்தாலும் முன்வரிசையில் ஒரு ஓரமாக அவள் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, கூப்பிடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் மேடையில் எந்தப் பக்கம் திரும்பி ஆடினாலும் அந்தப் பார்வை முதுகில் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் காலையில் ஜெயம்மாள் கதவைத் திறந்தபோது வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. பக்கத்தில் கிருஷ்ணவேணி நின்றுகொண்டிருந்தாள்.

“யாரும்மா நீ?”

“அவரைப் பாக்க வந்தேன்க்கா.”

ஜெயம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வாயில் வந்த வசவு வெளியே வரவில்லை. “உள்ள தூங்கிக்கினு இருக்காரு. பாத்துட்டுப் போ” என்றாள். அவள் வாசற்படியில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள்.

ஆதிகேசவன் தங்கையை வீட்டில் வைத்துப் பூட்டினான். அவள் தண்ணீரைக்கூடத் தொடவில்லை என்றதும் பயந்துபோய்த் திறந்துவிட்டான். தணிகாசலம் ஆற்காட்டில் இருந்த அத்தை வீட்டுக்கு ஓடினான். ஒரு வாரம் ஆகவில்லை, அந்தத் தெருமுனையிலும் வந்து நின்றாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

“உனுக்கு இன்னாதான் வேணும்? சொல்லித் தொலை.”

“எதுவும் வாணாம். உன்னைப் பாத்துக்கினு இருக்கணும், அவ்ளோதான்.”

தாலி கேட்டிருந்தால் அவனுக்குப் பதில் சொல்லத் தெரியும். காசு கேட்டிருந்தால் கடன் வாங்கியாவது கொடுத்திருப்பான். எதுவும் வேண்டாம் என்கிறவளிடமிருந்து எப்படித் தப்புவது என்று தெரியவில்லை. தூக்கம் கெட்டது. பாட்டில் அடி மறந்தது. வேறு பெண்களின் பக்கம் திரும்பவே கூச்சமாக இருந்தது. கூத்து வாத்தியார் மாணிக்கவாசகம், “இன்னாப்பா தணிகாசலம், வர்ற வர்ற அர்ச்சுனனுக்குக் கை நடுங்குதே” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

அறுபத்தெட்டாம் வருஷம் சித்திரையில், ஆற்றுக்கு அந்தாண்டை ஒரு ஊரில் அர்ச்சுனன் தபசு. மொட்டைப் பனை ஒன்றை நட்டு, முளை அடித்துப் படியாக்கி, உச்சியில் பரண் கட்டியிருந்தார்கள். அர்ச்சுனன் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறிப் போய், மேலேயிருந்து எலுமிச்சம்பழமும் வில்வமும் விபூதியும் வீசுவான். குழந்தை வரம் வேண்டுகிற பெண்கள் ஈரச் சேலையோடு மரத்தடியில் முந்தானை விரித்து நிற்பார்கள். அன்றைக்குச் சரியான வெயில். தணிகாசலம் சடைமுடியும் உருத்திராட்சமுமாக ஏறி, பரணில் உட்கார்ந்து, பையில் கை விட்டான். அப்போது மரம் அதிர்ந்தது.

குனிந்து பார்த்தான். ஈரச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு கிருஷ்ணவேணி ஏறி வந்துகொண்டிருந்தாள்.

பொம்பளை ஏறுகிற மரமில்லை அது. கீழே கூச்சல் எழுந்தது. ஒருவன் ஓடிப்போய் அவள் காலைப் பிடிக்கக் கை நீட்டினான். “தொடாத, வுழுந்துடப் போவுது” என்று மாணிக்கவாசகம் அவனைத் தடுத்தார். அவள் பாதி மரத்தைத் தாண்டியபோது கூச்சல் தானாகவே அடங்கியது. கூட்டத்தில் யாரோ ஒரு கிழவி, “அம்மா வந்துட்டா” என்றாள். அவ்வளவுதான், அத்தனை கைகளும் தலைக்கு மேலே குவிந்தன. நின்றுபோயிருந்த முகவீணையும் மத்தளமும் மறுபடி தொடங்கின.

தணிகாசலம் பரணின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டான். தன்னைத் தள்ளிவிடத்தான் வருகிறாள், இல்லையென்றால் தன்னோடு சேர்ந்து விழ வருகிறாள் என்று நினைத்தான். அவள் ஏறுகிற விதம் அவனை உறைய வைத்தது. அவசரமில்லை, தயக்கமில்லை. காற்றில் மரம் ஆடும்போது அதோடு சாய்ந்து, நிமிர்ந்ததும் அடுத்த முளையில் கால் வைத்தாள். எத்தனையோ வருஷமாக அதே மாதிரி மரங்களில் ஏறியவன் அவன். அப்படி ஒருநாளும் ஏறியதில்லை. பயத்தை மறைக்கத்தான் படிக்குப் படி பாடிக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

அவள் பரணுக்கு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. பிறகு திரும்பி வடக்கே பார்த்தாள். கீழே கூட்டம் கடுகு கொட்டினாற்போலக் கிடந்தது. அதைத் தாண்டி வெள்ளை வெளேரென்று ஆற்று மணல். அதற்கும் அப்பால், கானல் நடுவே, காஞ்சிபுரத்துக் கோபுரங்கள்.

“இங்கேர்ந்து பாத்தா கோபுரம் எல்லாம் தெரியும்னு சொன்னியே. ஒரு நாள் காட்றேன்னு சொன்னே.”

அவனுக்கு ஞாபகமில்லை. எத்தனை பேரிடம் சொன்னானோ.

“கிஷ்ணவேணி, எறங்கிடும்மா. உன் கால்ல வேணும்னாலும் வுழறேன்.”

அவள் கோபுரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக, அவன் பக்கத்தில் இருந்தும் அவள் அவனைப் பார்க்கவில்லை. அந்த முகத்தில் இருந்தது என்னவென்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கோயிலில் திரை விலகும்போது சிலர் முகம் அப்படி இருக்கும்.

வெகுநேரம் கழித்துத்தான் அவன் பக்கம் திரும்பினாள். “ஏன் இப்படி நடுங்கற?” என்று கேட்டாள். குரலில் கேலி இல்லை. “நீ இன்னாவோ பெரிய ஆளுன்னு நெனச்சுக்கினு இருந்தேன். உனுக்கும் பயமாத்தான் இருக்குது, பாவம்.” அவன் பையிலிருந்து ஒரு கை விபூதி அள்ளிக் காற்றில் விட்டாள். கீழே முந்தானைகள் விரிந்தன. பிறகு ஏறின மாதிரியே நிதானமாக இறங்கிப் போனாள்.

தணிகாசலத்தால் இறங்க முடியவில்லை. முளையில் வைக்கக் கால் வரவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு ஆட்கள் ஏறி, இடுப்பில் தாம்புக்கயிறு கட்டி, நெல் மூட்டையை இறக்குவதுபோல அவனை இறக்கினார்கள். சிரித்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் அவனைக் கவனிக்கக்கூட இல்லை. கயிற்றின் முடிச்சை அவிழ்த்தவள், தபசு பார்க்க வந்திருந்த ஜெயம்மாள்.

“அவ எங்க?” என்று கேட்டான்.

“ஊட்டுக்குப் போறேன்னு போயிட்டா. தார் சுத்தற வேலை கெடக்குதாம்.” முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இளக்கிவிட்டுச் சொன்னாள்: “பொம்பளைங்க எல்லாம் அவ கால்ல வுழுந்தாங்கயா. நானும் வுழுந்தேன்.”

“நீயா? அவ யாருன்னு தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதான்” என்றாள் ஜெயம்மாள். கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கிருஷ்ணவேணி பிறகு எந்தக் கூத்துக்கும் வரவில்லை. அம்மன் ஏறியவள் என்று குறி கேட்கப் போனவர்களை, “அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டாளாம். தணிகாசலத்தின் முதுகில் பார்வை எதுவும் ஒட்டவில்லை. அவன் ஆசைப்பட்ட நிம்மதி அதுதான். ஆனால் ஆடிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசை ஓரத்தைத் தேடுகிற கண்ணை அவனால் அடக்க முடியவில்லை. அவனுக்காக எந்த ஊரிலும் யாரும் காத்திருக்கவில்லை. அவனும் யாரையும் தேடிப் போகவில்லை.

மறுவருஷம் அர்ச்சுனன் வேஷத்தை வரதராஜன் என்ற இளவட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, துரியோதனன் பக்கம் சின்ன வேஷம் கேட்டு வாங்கிக்கொண்டான். தபசு அன்றைக்கு அவனுக்கு வேலை எதுவும் இல்லை. ஜெயம்மாளோடு கூட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தான். இத்தனை வருஷத்தில் தபசு மரத்தை அவன் கூட்டத்தோடு கீழே நின்று பார்த்ததே இல்லை. வானத்தைத் தொடுகிறாற்போல ஆடிக்கொண்டு நின்றது. “ஏயப்பா, இம்மா ஒசரமா” என்று அவன் வாய்விட்டுச் சொன்னதைக் கேட்டு ஜெயம்மாள் திரும்பிப் பார்த்தாள். கழுத்து வலித்தும் அவன் தலையைத் தாழ்த்தவில்லை.