என் மிளகுக்கு நான் வைத்த பெயர்

எங்கள் தோட்டத்து மிளகை விற்க நானே ஓர் இணையப் பக்கம் தொடங்கினேன். ‘வாழவந்தி நாட்டு மிளகு’ என்று தலைப்பு வைத்தேன். கொல்லிமலையில் பல ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்போம்; எந்த ஊர் என்று கேட்டால் அந்த நாட்டின் பெயரைத்தான் சொல்வோம். மலைமேல் இருந்துகொண்டு கொல்லிமலை என்று யாராவது சொல்வார்களா? மாதக்கணக்கில் ஓர் ஆர்டர்கூட வரவில்லை.

ஒருநாள் சுற்றுலா வந்த ஒருவர் எங்கள் மிளகுக் கொடியின் கீழ் நின்று போட்டோ எடுத்தார். காய்ந்த மிளகை அள்ளிக் காட்டி, “கொஞ்சம் வாங்கிட்டுப் போங்க” என்றேன்.

“வேண்டாங்க. ஒரிஜினல் கொல்லிமலை மிளகு ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டேன்” என்று போனை நீட்டினார். ‘கொல்லிமலை ஒரிஜினல் மிளகு’ என்ற தலைப்போடு, சென்னையில் இருக்கும் ஏதோ ஒரு கடை தேடலில் முதலில் நின்றது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்தின் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இந்தப் பேரு யாருக்குங்க தெரியும்? தெரிஞ்சதைத்தானே தேடுவோம்?”

அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிந்தது. அன்றைக்கே தலைப்பை ‘ஒரிஜினல் கொல்லிமலை மிளகு’ என்று மாற்றினேன். ‘ஒரிஜினல்’ என்று தட்டும்போது, என் மிளகை நானே சந்தேகப்படுவதுபோல் கூசியது.

இப்போது ஆர்டர் வருகிறது.

போன வாரம் சேந்தமங்கலத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த குண்டனி நாட்டு அம்மா, “எந்த ஊரு கண்ணு?” என்று கேட்டார்.

“கொல்லிமலைங்க” என்றேன்.

“அட, நாம எல்லாருமே கொல்லிமலைதான். எந்த நாடுன்னு கேட்டேன்” என்றார்.

சொன்னேன். ஆனால் வாழவந்தி நாடு என்ற பெயர் உடனே வாயில் வரவில்லை.