பூண்டு பீரும் கம்பி முகமூடியும்

ஒரு புதிய பானத்தைக் குடித்தவர் முகம் சுளிப்பதற்கும் வாய் திறப்பதற்கும் நடுவே சில நொடிகள் உண்டு. அந்த நொடிகளில் கால் மாற்றி மாற்றி நிற்பதுதான் எங்கள் தொழில். மாதிரிப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விற்பனைக்குப் பிறந்தவன் அல்ல. பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டங்களில் சங்கம் வைத்தவன். பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாவதோடு முடிந்தது. மிச்சத்தைத் துண்டுப் பிரசுரங்கள் சொல்லிக்கொடுத்தன. ஒரு பெரிய வேலைநிறுத்தம் தோற்ற பிறகு எந்தத் தோட்டத்திலும் எனக்கு இடமில்லை என்றானது. எழுபதுகளின் கடைசியில், மதுவிலக்கு இருந்த காலத்தில், கொடைக்கானலுக்கு ஏறி வந்து சாமுவேல் சாரின் இஞ்சி பீர் கம்பெனியில் சேர்ந்தேன். கம்பெனி என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஆறு பீப்பாய், வில்பட்டியிலிருந்து நடந்து வரும் நான்கு பெண்கள், அப்புறம் நான். இஞ்சியும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு லேசாகப் புளிக்க வைத்து பாட்டிலில் அடைப்பார்கள். பெயரில்தான் பீர், போதை ஏறாது.

மிளகு பீர்

சாமுவேல் சார் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் சமையற்கட்டை நடத்தி ஓய்வு பெற்றவர். அங்கேதான் ஒரு வெள்ளைக்காரரிடம் இஞ்சி பீர் வைக்கக் கற்றார். ஆனால் இஞ்சியோடு நிற்க அவரால் முடியவில்லை. வாரம் ஒரு புது வகை வேண்டும். நான் சேர்ந்த அன்று மிளகு பீர். முதல் மடக்கு இனித்தது. விழுங்கிய பிறகு தொண்டையில் யாரோ தீக்குச்சி உரசியதுபோல் இருந்தது. மேடைப் பழக்கத்தில், மிளகைப் பறிப்பவனையும் அதைக் குடிப்பவனையும் பற்றி இரண்டு வார்த்தை பேச ஆரம்பித்தேன்.

மூன்றாவது வார்த்தைக்குள் பின்னால் ஒரு பாட்டில் வெடித்தது. புளிப்பு அடங்காத பாட்டில் அப்படித்தான். மூடி அடித்துக்கொண்டிருந்த அந்தோணியம்மாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புருவத்துக்கு மேலே கண்ணாடி கிழித்திருந்தது. கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். இந்த நான்கு பேருக்கும் கம்பி வலை போட்ட முகமூடி வாங்கித் தராமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். சார் அந்தோணியம்மாளிடம் ஒரு சுத்தமான துணியைக் கொடுத்தார். என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார்.

“குடிச்சவங்க வாயில என்ன வந்துச்சோ அதை அப்படியே எழுதிட்டு வாங்க. உங்க அபிப்பிராயம் எனக்கு வேண்டாம்.”

காப்பி பீர்

ஆயிரம் பேர் முன்னால் பேசியவனை அடுத்தவர் பேச்சை எழுத வைத்தால் எப்படி இருக்கும்? கையில் நோட்டு, காலில் ஓயாத நடை. ஏரிக்கரையில் ஒருவர், பஸ் ஸ்டாண்டில் ஒருவர், மறுபடியும் ஏரிக்கரை. எங்கேயும் உட்கார மனம் வராது. உட்கார்ந்தால் எங்கோ ஒரு பாட்டில் வெடிக்கும் என்று காது காத்துக்கொண்டே இருக்கும்.

அந்த வாரம் காப்பி பீர். கொட்டையைக் கருக வறுத்து, பீப்பாயில் ஊறவைத்து, தார் நிறத்தில் இறக்கியிருந்தார் சார். கொட்டை பெரும்பாறையிலிருந்து வந்தது. என்னை விரட்டிய தோட்டமாகவும் இருக்கலாம். எனக்கென்னவோ அதில் கசப்பு கொஞ்சம் அதிகமாகவே தெரிந்தது. ஒரு லாட்ஜ் மேனேஜரிடம் கொடுத்தேன். இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்துக்காரர். கண்ணை மூடி இரண்டு மடக்குக் குடித்தார், டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பிறகு துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்:

“இதில காப்பியும் இல்ல, பீரும் இல்ல தம்பி. புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் கோவிச்சுக்கிட்டுப் போன வீடு மாதிரி கெடக்கு.”

பூண்டு பீர்

மலைப்பூண்டின் மேல் சாருக்குத் தனி பக்தி. உலகத்தில் எவனும் செய்யாத பீர் இதுவாகத்தான் இருக்கும் என்றார். அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. மூடியைத் திறந்தால் ரசம் கொதிக்கும் வாசனை. குடித்தால் வாயில் குளிர்ச்சி, மூக்கில் காரம். ஒரே காலையில் ஏழு பாட்டில் வெடித்தன. பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் பார்த்து மூடி அடித்தார்கள்.

நான் சாரிடம் போய் முகமூடிக் கோரிக்கையை முறைப்படி எழுத்தில் கொடுத்தேன். படித்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். “வியாபாரி வந்து பாத்தா உள்ள பீர் செய்யறோமா குண்டு செய்யறோமான்னு கேப்பாங்க” என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அந்த நான்கு பெண்களுக்காகவும் ஜெபம் செய்பவர். அப்படிப்பட்டவர்களோடு போராடுவதுதான் மிகவும் கஷ்டம்.

ஆத்திரத்தோடு வில்பட்டிக்கு நடந்தேன். பூண்டு கொடுத்த விவசாயிக்கே ஒரு பாட்டிலைத் திறந்து நீட்டினேன். பாதி குடித்து, மண்வெட்டிப் பிடியில் சாய்ந்து, வெகுநேரம் யோசித்தார். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

“இது வாயுவ எடுக்கவா அண்ணே, குடுக்கவா?”

பிளம்ஸ் பீரும் அதிகாரியும்

சீசன் முடிகிற நேரத்தில் பிளம்ஸ் மலிந்து கிடக்கும். சார் அதில் வைத்த பீர் ரத்தச் சிவப்பு, நல்ல புளிப்பு. உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்த ஒரே வகை அதுதான். கள்ளும் சாராயமும் தொழிலாளியின் எதிரி என்று மேடை மேடையாக முழங்கிய நான் இரண்டாவது டம்ளர் கேட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

யாரோ புகார் எழுதிப் போட்டதில், மதுவிலக்குச் சோதனைக்கு ஓர் அதிகாரி வந்தார். மூன்று பாட்டில் குடித்துப் பார்த்துவிட்டு, இதைக் குடித்து ஒருவன் தள்ளாட வேண்டும் என்றால் முதலில் அவனுக்கு எண்பது வயதாகியிருக்க வேண்டும் என்றார். சார் முகத்தில் நிம்மதி. எனக்கு வேறு கணக்கு. அரசாங்கமே வாசலுக்கு வந்திருக்கிறது; விடலாமா? அதிகாரியைக் கொட்டகைக்குள் அழைத்துப்போய், மூலையில் கூட்டி வைத்திருந்த கண்ணாடிச் சில்லுகளையும் அந்தோணியம்மாளின் நெற்றித் தழும்பையும் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

“போதை இருந்தா நான் வருவேன். ரத்தம் வந்தா அது வேற டிபார்ட்மெண்ட்.”

மத்தியானக் கூட்டம்

இனி வெகுஜனத் திரட்டல்தான் வழி என்று முடிவு செய்தேன். வாசல் கூட்டம் போடுவது எனக்குக் கை வந்த கலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைக்கு வெளியே ஒரு காலிப் பெட்டியின் மேல் ஏறி நின்றேன். மூடுபனி அடித்துக்கொண்டிருந்தது. நான்கு பெண்களும் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டபடி கேட்டார்கள். ஐரோப்பிய நெசவாலைகளில் தொடங்கி, துறைமுகத் தொழிலாளர் வழியாக, உள்நாட்டு முதலாளியின் இரட்டைத் தன்மைக்கு வந்து சேர்வதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. குரல் நன்றாகவே எழும்பியது. தோட்டத்தில் இந்தப் பேச்சுக்கு அழுதவர்கள் உண்டு.

கை கழுவிவிட்டு வந்த அந்தோணியம்மாள் என் பக்கத்தில் நின்றார். பாராட்டுக்காகத் தலையைக் குனிந்தேன்.

“நல்லாத்தான் பேசுறீங்கண்ணே. எங்க மூஞ்சிக்குக் கம்பி வல வேணும்னு அதுல எந்த எடத்துல சொன்னீங்க?”

மலை இறங்கிய பஸ்

கொய்யா பீரின் முதல் பீப்பாய் தயாரானதும், ஆயக்குடிக் கொய்யா வியாபாரிகளிடம் ருசி பார்க்கச் சொல்லி என்னை அனுப்பினார் சார். இரண்டாவது பீப்பாய் புளித்துக்கொண்டிருந்தது. கூட்டம் நடந்த மறுவாரம் அது. முகமூடி விஷயம் தொங்கலில் இருக்கும்போது மலை இறங்க எனக்கு விருப்பமில்லை. நான் இல்லாவிட்டால் போராட்டம் படுத்துவிடும் என்று நினைத்தேன். அந்தோணியம்மாளிடம், நான் வரும்வரை எதிலும் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பழனி பஸ் ஏறினேன்.

மலைக்குளிரில் சாதுவாக இருக்கும் பாட்டில் சூடு பட்டால் மறுபடி பொங்கும். இது எனக்குத் தெரியும். சாக்கைச் சுற்றித்தான் வைத்திருந்தேன். வளைவுகள் இறங்க இறங்கப் பெட்டிக்குள் உறுமல் ஆரம்பித்தது. முதல் வெடிக்கு டிரைவர் டயர் என்று நினைத்து வண்டியை நிறுத்தினார். இரண்டாவது வெடிக்குப் பஸ் முழுவதும் கொய்யா வாசனை. நான்காவது வெடிக்கு எல்லோரும் எழுந்து நின்று, என்னையும் என் பெட்டியையும் இறக்கிவிடச் சொன்னார்கள். ஒரு கூட்டம் ஒரே குரலில் கோரிக்கை வைத்து அது உடனே நிறைவேறியதை நான் பார்த்தது அன்றுதான். பஸ் நகர்ந்தபோது, மொட்டை போட வேண்டிக்கொண்டு போன ஓர் அம்மாள் ஜன்னலில் தலையை நீட்டினார்.

“பழனியாண்டவரப் பாக்கத்தானப்பா போறோம். அதுக்குள்ள எங்கள அவர்கிட்டயே அனுப்பி வச்சிருவ போல.”

கொய்யா பீர்

மிஞ்சிய பாட்டில்களோடு ஒரு லாரியில் தொற்றி ஆயக்குடி போய்ச் சேர்ந்தேன். நல்ல வெயில், மண்டி முழுக்கக் கொய்யாக் கூடை. அங்கே எனக்கு நிலைகொள்ளவில்லை. மேலே கொட்டகையில் என்ன நடக்கிறதோ என்று மலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒரு மொத்த வியாபாரி இரண்டு மடக்குக் குடித்தார். கொய்யாவின் வாசனை அப்படியே இருந்தது. இனிப்பு மட்டும் எங்கோ ஓடிப்போய் அந்த இடத்தில் ஒரு துவர்ப்பு உட்கார்ந்திருந்தது. அவர் மீதியைத் தரையில் ஊற்றவில்லை, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

“சும்மா வச்சாலே சனம் கடிச்சுத் திங்குது. அதப் போயி ஏங்க இம்ச பண்றீங்க?”

நான் இல்லாத நாள்

மூன்றாம் நாள் மேலே வந்து கொட்டகைக்குள் நுழைந்தேன். நான்கு பேர் முகத்திலும் முகமூடி. தகர விளிம்பு வைத்த சல்லடை வலை, பின்னால் நாடா கட்டியிருந்தது. சார் பீப்பாய்ப் பக்கம் குனிந்து ஏதோ சோலியாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டார்.

நடந்தது இதுதான். நான் போன மறுநாள் காலையில் இரண்டாவது கொய்யாப் பீப்பாய் பக்குவத்துக்கு வந்திருக்கிறது. அன்று மத்தியானத்துக்குள் பாட்டிலில் அடைத்தாக வேண்டும். தாமதித்தால் முழுவதும் புளித்துக் காடியாகிவிடும். பீப்பாயில் காதை வைத்தே இதைக் கண்டுபிடிப்பார் அந்தோணியம்மாள். நான்கு பேரும் வெள்ளனே வந்து, காது வைத்துப் பார்த்துவிட்டு, வெளியே போய்க் காலிப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். முழக்கம் இல்லை, பிரசுரம் இல்லை. என்ன வேண்டும் என்று சார் கேட்டதற்கு ஒரே வார்த்தை. பதினொரு மணிக்கு அவரே தகரப் பட்டறைக்கு ஓடியிருக்கிறார்.

நான் வரும்வரை ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டேன். அந்தோணியம்மாள் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார். “நீங்க இருந்தா இந்நேரம் பேசிக்கிட்டுல்ல இருப்பீங்க. பீரு பூராவும் காடியாப் போயிருக்கும்” என்றார். மற்ற மூவரும் வலைக்குள் சிரித்தது கேட்டது. நான் திரும்பி நடந்தபோது அவர் ஆணியிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. நாங்க கேட்டது அஞ்சு. அஞ்சாவது உங்களுக்குத்தான்.”

எத்தனையோ போராட்டங்களை நடத்திய இந்த வாழ்க்கையில், நான் கோரிக்கை எழுதாமலே எனக்குக் கிடைத்த ஒரே உரிமை அந்த முகமூடிதான், அதுவும் மூக்கில் இடித்தது.