ஒரு பேஸ் கருகிய வெள்ளிக்கிழமை

யூசுப் பாயின் வேலை போனதற்குக் காரணம் நான். அவரும் இல்லை, அவர் முறுக்கிய போல்ட்டும் இல்லை... நான்!

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலை. அதன் கூரையில் நாங்கள் சோலார் போட்டிருந்தோம். அந்த மின்சாரத்தை ஊர் லைனோடு சேர்க்கும் இன்வெர்ட்டர் என் பொறுப்பு. யூசுப் பாய் அங்கே எலக்ட்ரீஷியன்.

அந்த லைனில் மின்சாரம் வரும் மூன்று பேஸ் கம்பிகளும் ஒற்றுமையாக இருந்ததே இல்லை. நண்பகலானால் ஒன்றில் மட்டும் வோல்டேஜ் சரியும். இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். உடனே மேனேஜரின் போன். எனக்கோ எரிச்சல்!

ஒரு பேஸ் சரிந்தால் இன்வெர்ட்டர் மின் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும்படி அமைப்பதுதான் முறை. நான் என்ன செய்தேன் தெரியுமா உங்களுக்கு? எது சரிந்தாலும் உற்பத்தி குறையக் கூடாது என்று மாற்றினேன். கரண்டின் வரம்பையும் உயர்த்தினேன். சரிந்த பேஸ் ஈடுகட்ட அதிகக் கரண்டைச் சுமக்கும், அதன் கேபிள் முனை சூடேறும்... எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். போன் நின்றால் போதும் என்றிருந்தது.

நின்றது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்காகத் தோல் பதனிடும் டிரம்களை நிறுத்திவிட்டு எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம், இன்வெர்ட்டரின் கேபிள்கள் சேரும் ஸ்விட்ச் பேனலுக்குள் அந்த ஒரு பேஸின் முனை மட்டும் கருகிப் புகைந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். பேனல் வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு பாய் அவசரமாகத் தொழுகைக்கு ஓடிவிட்டாராம். மேனேஜர் என்னைக் கேட்டார்.

“போல்ட்ட லூசா வுட்டுட்டாரா சார்?”

“இருக்கலாம்” என்றேன்.

ஒரே சொல்! பொய் சொன்ன மாதிரியும் இருக்கக் கூடாது அல்லவா எனக்கு? இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

பாய் சத்தம் போடவில்லை. என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

“கேபிள் மாட்டறப்பவே உங்க எதிர்லதான சார் டைட் பண்ணேன்?”

கருகிய முனையை ஆராய்வது போலக் குனிந்துகொண்டேன்.

அன்று மாலையே, பாகாயத்தில் என் வீட்டில் உட்கார்ந்து, போன் வழியாகவே இன்வெர்ட்டரில் நான் மாற்றியிருந்த எல்லாவற்றையும் முறைப்படி திருத்தினேன். யாருக்கும் தெரியாது. யூசுப் பாய் இப்போது கல்யாண மண்டபங்களுக்கு சீரியல் லைட் கட்டுகிறாராம்.

போன மாதம் பராமரிப்புக்குப் போனபோது மேனேஜர் டீ வரவழைத்தார். பேனலைத் தட்டிக் காட்டினார்.

“அந்த பாய் போனதிலேர்ந்து ஒரு பேஜாரும் இல்ல சார்.”

நான் திருத்தியதே அவருக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது! அப்போதாவது சொல்லியிருக்கலாம்... டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.