பக்கத்து சீட்டில் இருந்த பிள்ளை

ஓமான் நாட்டு சலாலாவில் மதியம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்போம். அந்த மூன்று மணி நேரம் மகள் என் பொறுப்பு. மனைவி ஒரு கிளினிக் லேபில் வேலை பார்க்கிறாள், சாயங்காலம்தான் வருவாள். இரண்டு மணிக்குப் பள்ளிக்கூட பஸ் வந்து நிற்கும். சோறு, கொஞ்சம் தூக்கம், பிறகு பாடம். நான் கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்பேன், அவள் தரையில் உட்கார்ந்து இங்கிலீஷ் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பாள். கடகடவென்று வாசிப்பாள். துணி விற்கிற எனக்கு அதைக் கேட்கப் பெருமையாக இருக்கும்.

அவள் மூன்றாம் வகுப்புக்குப் போன வருடம் வயிற்றுவலி ஆரம்பித்தது. வெள்ளி, சனி லீவு நாட்களில் வலி இல்லை. ஞாயிறு காலை யூனிபார்ம் போட்டதும் வந்துவிடும். டாக்டர் இரண்டு முறை பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று ஒரு மருந்து மட்டும் எழுதித் தந்தார். அதே வாரங்களில் டீச்சரிடமிருந்தும் குறிப்புகள் வரத் தொடங்கின. டிக்டேஷனில் பத்துக்கு ஒன்று, இரண்டு. வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொன்னால் வாயே திறப்பதில்லை. கவனம் போதவில்லை, வீட்டில் பார்த்துக்கொள்ளவும்.

எனக்குக் கோபமெல்லாம் டீச்சர் மேல்தான். என் காதால் கேட்கிறேனே! புதுப் பாடத்தை வாசி என்றால் மட்டும், "அது இன்னும் நடத்தலை வாப்பா" என்று பழைய பாடத்தையே எடுப்பாள். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரு மதியம் தூக்கம் வராமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முயல் தோட்டத்துக்குள் நுழைகிற கதை. ஜாம் பட்டு இரண்டு தாள்கள் ஒட்டியிருந்ததால் அவள் ஒரு பக்கத்தைத் தாண்டித் திருப்பிவிட்டாள். திறந்திருந்த பக்கத்தில் கேள்வி பதில் பயிற்சிதான் இருந்தது. அவள் விரல் வரி வரியாக நகர்ந்தது. வாயோ முயல் கதையைச் சொல்லிக்கொண்டே போனது.

"எங்கம்மா இருக்கு அது? இந்தப் பக்கத்துல காட்டு."

விரல் நின்றுவிட்டது.

"இத்தனை நாளும் என்னை ஏமாத்திட்டா இருந்தே?" என்று கத்தினேன். எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? அவள் எழுந்து ஓடி பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் தட்டினேன். பிறகு வாசலிலேயே தரையில் உட்கார்ந்தேன்.

"வாப்பா இனிமே திட்ட மாட்டேன். வெளிய வா."

தாழ்ப்பாள் திறக்கவில்லை.

"சரி, உள்ளேயே இரு. இதை மட்டும் சொல்லு. யாரு உனக்கு வாசிச்சுக் காட்டினா?"

மெல்லிய குரல் வந்தது. "பஸ்ல."

பிறகு கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே எல்லாவற்றையும் சொன்னாள். எங்கள் பில்டிங்கில் இரண்டாம் மாடியில் இருந்த மலையாளிப் பிள்ளை பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து சீட். தினமும் பாடத்தை இரண்டு தடவை வாசிப்பாளாம். இவள் கேட்டு மனதில் வைத்துக்கொள்வாள். பதிலுக்கு இவள் அந்தப் பிள்ளைக்கு மேத்ஸ் சொல்லிக் கொடுப்பாள்.

"இப்ப அவ இல்லையே வாப்பா."

அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு வேலை முடிந்து, ஒரே வாரத்தில் வீட்டைக் காலி செய்து குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார்கள். போகிற அன்று நாங்கள் பிரியாணி செய்து கொடுத்தோம். இங்கே யாராவது போய்க்கொண்டேதான் இருப்பார்கள். "வேற பிரண்ட் கிடைப்பாம்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டு நான் கடைக்குப் போயிருந்தேன். வயிற்றுவலி அதற்கு அடுத்த வாரம் ஆரம்பித்தது. இரண்டையும் நாங்கள் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். ஹேண்ட்பேக்கைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். "நாலு மாசமா வயித்துக்குல்ல மருந்து கொடுத்திட்டு இருந்திருக்கோம்" என்றாள்.

லீவு போட்டு மூன்று பேரும் மஸ்கட் போனோம். அங்கே ஒரு சைக்காலஜிஸ்ட் அம்மா இரண்டு நாள் மகளோடு உட்கார்ந்து சோதித்துப் பார்த்தார். டிஸ்லெக்சியா என்றார். அறிவில் குறையில்லை, எழுத்தையும் ஒலியையும் சேர்ப்பதுதான் இவளுக்குச் சிரமம், வேறு விதமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று விளக்கினார். "கேட்டே இவ்வளவு படிச்சிருக்காளே!" என்று ஆச்சரியப்பட்டார். மகள் முதன்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

ஊரிலிருந்து என் காக்கா, அதாவது அண்ணன், போன் செய்தார். "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லடா. இங்க அனுப்பு, ஹாஸ்டல்ல போட்டா ஒரு வருஷத்துல சரியாயிரும்." "வேணாம் காக்கா, எங்ககூடவே இருக்கட்டும்" என்றேன். அண்ணனிடம் நான் மறுத்துப் பேசுவது அபூர்வம்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அந்த டீச்சரைப் பார்க்கப் போனேன். சண்டை போடத்தான் மனதில் இருந்தது. அவர் படித்துவிட்டு, "கவனமில்லைன்னு எழுதிட்டேனே, சாரி" என்றார். வீட்டில் நான் கத்தியதைச் சொன்னேன். பிறகு இருவரும் பேசி ஒரு ஏற்பாடு செய்தோம். எதிர்பாராமல் அவளை எழுப்பி வாசிக்கச் சொல்வதில்லை. எந்தப் பத்தி என்று முந்தின நாளே சொல்லிவிடுவார். பரீட்சையில் கேள்விகளை ஒருவர் வாசித்துக் காட்டவும், நேரம் கூடுதலாகத் தரவும் பள்ளி ஒப்புக்கொண்டது.

வீட்டில் புதுப் பாடங்களை நான் போனில் ரெக்கார்ட் செய்து வைத்தேன். கேட்டுக்கொண்டே புத்தகத்தில் விரல் வைத்து வருவாள். "வாப்பா, அது இஸ்லாண்ட் இல்ல, ஐலண்ட்" என்று நிறுத்துவாள். திரும்ப ரெக்கார்ட் செய்வேன். வாரம் இரண்டு நாள் சென்னையிலிருந்து ஒரு டீச்சர் ஆன்லைனில் வந்தார். தட்டில் ரவையைப் பரப்பி எழுத்தை எழுதிக்கொண்டே ஒலியைச் சொல்ல வேண்டும். முதல் மாதம் இரண்டு முறை தட்டைத் தூக்கி எறிந்தாள். ஹால் முழுக்க ரவை. திட்டாமல் பெருக்கினேன் என்று சொல்ல ஆசைதான், ஒரு தடவை திட்டிவிட்டேன்.

மனைவி அந்த மலையாளிக் குடும்பத்தின் நம்பரைத் தேடிப் பிடித்தாள்.  முதல் வீடியோ காலில் எடுத்ததுமே அந்தப் பிள்ளை, "யூ ஆர் இன் விச் லெசன்?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் பேசினார்கள். வருடம் ஒன்று போனதும் அழைப்புகள் குறைந்தன. தொடர்ந்து மூன்றாவது வெள்ளிக்கிழமையும் அந்தப் பிள்ளை போனை எடுக்காத அன்று மகள் எங்கள் முன்னால் வந்து நின்றாள். "உம்மா, எனக்கு அழணும் போல இருக்கு. அவ என்னை மறந்துட்டா." மனைவி அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். வேறு பிரண்ட் கிடைப்பாள் என்று இந்த முறை நான் சொல்லவில்லை.

இப்போது ஆறாம் வகுப்பு. இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறாள். எழுத்துப் பிழை நிறைய. மேத்ஸில் நல்ல மார்க். போன மாதம் நான் ரெக்கார்ட் செய்ய உட்கார்ந்தபோது, "வேணாம் வாப்பா, நானே வாசிச்சுப் பார்க்கிறேன். முடியலைன்னா கூப்பிடுறேன்" என்றாள்.

ஒரு பக்கத்துக்கு நாலைந்து தடவை கூப்பிடுகிறாள். எழுந்து போகிறேன்.