ஆற்றுப் படத்தை மடிக்க மறுத்தவர்

தொண்ணூறுகளின் நடுவில் கனடாவின் மிசிசாகா நகரில் ஓர் அச்சகத்தில் விளம்பரத்தாள் மடிக்கும் வேலை செய்தேன். எதிர் மேசைக்காரரை அண்ணை என்று மட்டுமே கூப்பிட்டேன். கட்டையான மனிதர், ஒவ்வொரு தாளையும் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்துவிட்டுத்தான் மடிப்பார்.

அன்று வந்தது மழைக்காட்டு ஆற்றில் போகும் சின்னச் சொகுசுக் கப்பலின் விளம்பரம். மேல்தட்டில் சாய்வுநாற்காலிகள், வைன் கிண்ணங்கள், இரு கரையிலும் பச்சைக் காடு.

"வடிவான இடம், என்னண்ணை?" என்றேன்.

அவர் தாளைக் கசக்கி எறிந்தார்.

"வடிவோ? கனடாவுக்கு அனுப்பிறனெண்டு ஏஜென்சிக்காரன் எங்களை உந்த ஆத்தாலதான் கொண்டுவந்தவன். ஆறு நாள் தார்ப்பாய்க்குக் கீழ கிடந்தனாங்கள். என்னோட வந்த ஒருத்தன் காய்ச்சலில செத்தான். அவனை உதுக்குள்ளதான் தள்ளிவிட்டவங்கள். சத்தம் வருமெண்டு அழவும் விடேல்லை. உதை நான் மடிக்கமாட்டன்!"

சத்தம் கேட்டு வந்த மேனேஜரிடமும் அதையே ஆங்கிலத்தில் சொன்னார். மடிக்காவிட்டால் வீட்டுக்குப் போ என்றான் அவன். அண்ணை ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனவர்தான். பிறகு நான் அவரைக் காணவில்லை.

மேனேஜர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் அன்று அண்ணையின் மேசையில் கிடந்த தாள்களையும் நான்தான் மடித்து முடித்தேன்.