கீழுதட்டுக்குக் கீழே ஒரு தூசி

தொண்டியில் கேமரா வைத்துப் பிழைப்பதென்றால் காற்றோடு குடித்தனம் நடத்த வேண்டும். கச்சான் காற்று மேற்கேயிருந்து காய்ந்த வயலின் புழுதியைக் கொண்டுவரும். வாடைக் காற்று கடலிலிருந்து உப்பைக் கொண்டுவரும். ஒரு லென்ஸைக் கழற்றி இன்னொன்றை மாட்டும் நேரம் போதும், கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று உள்ளே நுழைந்து சென்சார் மேல் சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு எடுக்கிற எல்லாப் படத்திலும் அதே இடத்தில் ஒரு பொட்டு. கல்யாணம் மாறும், முகம் மாறும், பொட்டு மாறாது.

நான் எடுப்பது பெண்கள் பக்கத்துப் படங்கள். எங்கள் ஊர் நிக்காஹ்களில் பெண்கள் கூடியிருக்கும் இடத்துக்கு ஆண் போட்டோகிராபர் வர முடியாது என்பதால் எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். நான் உம்மாவோடும் தங்கச்சியோடும் உம்மா வீட்டில் இருக்கிறேன்.

அந்த வீட்டில் காற்று அதிகம் புகாத இடம் குளியலறைதான். சென்சாரைச் சுத்தம் செய்வது அங்கேதான். சுடுதண்ணீரைத் தரையில் ஊற்றி, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பேன். ஆவி எழும்பி, உள்ளே அலைகிற தூசியையெல்லாம் கூட்டிக்கொண்டு மெல்லக் கீழே இறங்கும். அது அடங்கிய பிறகு உள்ளே போனால் கிடைக்கிற அமைதி எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை. கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றை உள்ளே விடுவேன். வாயால் ஊதவே கூடாது, எச்சில் தெறித்தால் கதை முடிந்தது. பிறகு நிமிர்த்திப் பார்த்தால், சென்சார் பச்சையும் ஊதாவுமாக உள்ளே மினுங்கும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன். நான் எடுத்த அத்தனை மணப்பெண்களும் இந்தச் சின்னக் கண்ணாடிச் சில்லு வழியாகத்தானே போனார்கள் என்று தோன்றும். ஒருத்தியாவது திரும்பி வந்து எட்டிப் பார்ப்பாள் போல இருக்கும்.

"உள்ள என்ன தூங்குறியா?" என்று உம்மா கதவைத் தட்டிய பிறகுதான் நினைவு வரும்.

போன கச்சான் காலத்தில் தங்கச்சிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சவுதியில் ஏசி மெக்கானிக். அவருடைய உம்மா ஒரு கல்யாண வீட்டில் தங்கச்சியைப் பார்த்துப் பிடித்துப்போய்க் கேட்டிருந்தார். மகன் பெண்ணின் படம் கேட்கிறான் என்றார்கள். மாப்பிள்ளையின் படமும் என் போனுக்கு வந்தது. அன்றிலிருந்து தங்கச்சி, தன் போனில் சார்ஜ் நிற்பதில்லை என்று சொல்லி என் போனை இரவல் வாங்க ஆரம்பித்தாள். எனக்குத் தெரியாதா?

உச்சி வெயிலில் அவளைக் கடற்கரையில் நிறுத்தி எடுத்தேன். பின்னால் இருக்கிற கடலும் தெளிவாக விழவேண்டும் என்று லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்கியிருந்தேன். அப்படிச் சுருக்கினால் தூசியும் தெளிவாக விழும். வானத்தில் நாலைந்து பொட்டுகள் தெரிந்தன. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துவிட்டுப் படத்தை அனுப்பினேன்.

மாப்பிள்ளை சம்மதம் சொல்லிவிட்டார். அவருடைய உம்மா போன் செய்தபோது எங்கள் உம்மா ஸ்பீக்கரில் போட்டாள். "எம் மவன் எதுக்குமே வாயத் தொறக்க மாட்டான். அவனே சொல்றான், கீழுதட்டுக்குக் கீழ ஒரு மச்சம் இருக்கே, அது அழகா இருக்குன்னு. மாஷா அல்லாஹ், எங்கண்ணுக்கு அது படவே இல்ல பாருங்க."

உம்மா திரும்பித் தங்கச்சியின் மோவாயைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. உம்மா கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "ஆமா, அது பொறந்ததுலருந்தே இருக்கு" என்றாள்.

நான் அவசரமாகப் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது. வட்டமாக, அளவாக, யாரோ குச்சியால் தொட்டு வைத்தமாதிரி. அன்று எடுத்த மற்றப் படங்களையும் பார்த்தேன். ஒன்றில் அது அவள் முக்காட்டின் மேல் இருந்தது. இன்னொன்றில் அலையின் மேல்.

"நிக்காஹ் அன்னைக்கி கண்ணுக்கு இடுற சுருமாவால ஒரு பொட்டு வச்சு விடு, யாருக்குத் தெரியப்போகுது" என்றாள் உம்மா.

"அன்னைக்கி வச்சுக்கிறலாம். மறுநா மூஞ்சி கழுவணும்ல?" என்றாள் தங்கச்சி.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் கண்ணாடி முன்னால் நின்று, அந்த இடத்தில் விரலை வைத்து எடுத்து வைத்து எடுத்துப் பார்ப்பதைக் கண்டேன். சாப்பிடும்போதும் விரல் அங்கேயே போனது. சில நாள் சாயங்கால வெளிச்சத்தில் பார்த்தால், எனக்கே அங்கே ஒரு மச்சம் இருப்பதுபோலத் தெரிந்தது, அவள் திரும்பியதும் மறைந்தது. உம்மா துணிமணி பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

ஒருநாள் தங்கச்சி என் கேமராப் பையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். "லாத்தா, இத நல்லாத் தொடச்சுட்டு அதே எடத்துல வச்சு என்னைய இன்னொரு படம் எடு. அவுகளுக்கு அனுப்பணும்."

"வேண்டாம்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும். மச்சம் உள்ளவள அவுக தேடிக்கிறட்டும்" என்றாள். விரல் மறுபடியும் மோவாய்க்குப் போனது.

அன்று குளியலறையில் எனக்குக் கனவெல்லாம் வரவில்லை. காற்று விட்டுப் பார்த்தேன், அசையவில்லை. உப்புப் பட்டு ஒட்டிய தூசி அப்படித்தான். மெல்லிய துணி சுற்றிய பட்டைக் குச்சியில் இரண்டு சொட்டு மருந்து விட்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரே இழுப்பு. அழுத்தினால் கீறும், பயந்து விட்டால் பழையபடி நிற்கும். வெளியே வந்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைவெளேர் என்றிருந்தது.

அதே உச்சி வெயில், அதே இடம். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேராக லென்ஸைப் பார்த்தாள். பவுடர்கூடப் போடவில்லை. இந்த முறை நான் எதையும் அழிக்கவில்லை, எடுத்ததை எடுத்தபடி அனுப்பினேன். கூடவே அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: "எனக்கு மச்சம் கிடையாது. அது லாத்தா கேமராவுக்குள்ள இருந்த தூசி. உம்மா சொன்னது பொய். கோவிச்சுக்காதீங்க."

பார்த்துவிட்டதற்கான நீலக்கோடு உடனே விழுந்தது. பதில் வரவில்லை. மதியச் சோறு யாருக்கும் இறங்கவில்லை. விஷயம் தெரிந்த உம்மா என்னைத் திட்டினாள், கேமராவைத் திட்டினாள், கச்சானைத் திட்டினாள். தங்கச்சி மீனை முள்ளெடுத்து முள்ளெடுத்துத் தட்டோரம் வைத்துக்கொண்டிருந்தாள். அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு மாப்பிள்ளையிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. போட்டேன்.

"ரெண்டு படத்தையும் வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன், அதான் லேட்டு. எங்க உம்மாட்ட வேற என்னத்தச் சொல்றது? கண்ணு பிடிச்சிருக்கு, பாக்குற பார்வ பிடிச்சிருக்குன்னா சொல்ல முடியும்? வெக்கமா இருந்துச்சு, அதான் மச்சத்தச் சொன்னேன். மச்சம் இல்லாட்டிப் போகுது. ஆளு அதே ஆளுதானே?"

உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கச்சி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள், தட்டை எடுக்காமலேயே.

அவள் பிறந்த நாளிலிருந்து அந்த முகத்தைப் பார்க்கிறவள் நான். வானத்துப் பொட்டையெல்லாம் தேடித் தேடி அழித்தேன், முகத்தில் விழுந்ததைப் பார்க்கவில்லை. முன்பின் பார்த்திராத ஒரு ஆள் எங்கோ இருந்துகொண்டு பார்த்திருக்கிறார். சந்தோஷமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. போனை எடுத்துக் குவைத்தில் இருக்கிற வீட்டுக்காரருக்கு எழுதினேன்: "எனக்கு மச்சம் எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

எனக்கு மச்சமே கிடையாது என்று நினைத்துத்தான் கேட்டேன். அவருக்கு அது வேலை நேரம், பதில் சீக்கிரம் வராது என்றும் நினைத்தேன்.

உடனே பதில் வந்தது. "வலது காதுக்குப் பின்னாடி. ஏன், என்னாச்சு?"

உம்மாவிடம் காதைக் காட்டி, இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.